சியோலிலிருந்து ஒரு கடிதம்

சியோல்,
நவம்பர் 3

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏறாதே என்று மருத்துவர் சொன்னதை நீ கேட்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். இங்கே எனக்குப் பேரனைக் காலையில் பாலர் பள்ளியில் விட்டால் மாலை நான்கு மணி வரை வேறு வேலை கிடையாது. குளிர் இன்னும் கடுமையாகவில்லை. ஊர் சுற்றுகிறேன்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரியைக் கிள்ளிப் போட்டிருந்தாயே: "கன்பூசியஸ் வழி என்பது ராஜாவுக்கும் அப்பாவுக்கும் கைகட்டி நிற்கச் சொல்லும் ஏற்பாடுதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?" விடுதியிலும் நீ இப்படித்தான். விளக்கை அணைத்ததும் ஒரு வரியை வீசிவிட்டுக் குறட்டை விடுவாய். நான் விடியும்வரை மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டு கிடப்பேன். இந்த முறை எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

1404இல் நடந்தது. கன்பூசியஸ் வழியில் கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்தின் மூன்றாவது மன்னர் தேஜோங் வேட்டைக்குப் போகிறார். மானைத் துரத்தி அம்பெய்யும்போது குதிரை இடறி விழ, கூடவே மன்னரும் விழுகிறார். அடி ஒன்றுமில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இது குறிப்பெழுதுபவனுக்குத் தெரிய வேண்டாம்." அறுநூறு ஆண்டுகள் கழித்து உனக்கும் எனக்கும் இது எப்படித் தெரிகிறது? அவன் எழுதி வைத்துவிட்டான். விழுந்ததையும் எழுதினான், தெரிய வேண்டாம் என்றதையும் சேர்த்து எழுதினான்.

தேஜோங்கைச் சாது என்று நினைத்துவிடாதே. மாற்றாந்தாய் மக்களான தம்பியரைக் கொன்று அரியணைக்கு வழி செய்துகொண்டவர். அவருடைய ஆட்சியின் தொடக்கத்திலேயே மின் இன்-சேங் என்ற குறிப்பாளர் அவரைப் படாத பாடு படுத்தியிருக்கிறார். அழைக்காமலே முகத்தை மூடிக்கொண்டு வேட்டைக்குப் பின்தொடர்ந்தார். இது நான் ஓய்வெடுக்கும் மண்டபம், இங்கே வராதே என்று மன்னர் சொன்னதற்கு, "நான் நேராக எழுதாவிட்டால் என் தலைக்கு மேல் வானம் இருக்கிறது" என்றார். கடைசியில் கதவுக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்துப் பிடிபட்டு, 1401இல் நாடு கடத்தப்பட்டார். அவர் போனார், அவருடைய நாற்காலி காலியாக இருக்கவில்லை.

இந்த வேலையில் இருந்தவர்கள் பெரிய மனிதர்களும் அல்லர். ஒன்பது படிகள் கொண்ட அதிகார ஏணியில் ஏழாவதிலிருந்து ஒன்பதாவது படி வரை நின்ற எட்டு இளைஞர்கள், அவ்வளவுதான். தேர்வில் தேறி அப்போதுதான் உள்ளே வந்தவர்கள். மன்னர் அமைச்சருடன் பேசும் இடத்திலெல்லாம் தூரிகையுடன் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். ஒரு குறிப்பு அலுவலகத்துக்கு, இன்னொன்று வீட்டில் பத்திரமாக. மன்னர் இறந்த பிறகே அவற்றையெல்லாம் திரட்டி 'சில்லோக்' என்ற ஆட்சிப் பதிவேட்டைத் தொகுப்பார்கள். தன்னைப் பற்றி எழுதியதை மன்னர் பார்க்கக் கூடாது. தந்தையைப் பற்றி எழுதியதையும் பார்க்கக் கூடாது.

கொரிய எழுத்தை உருவாக்கினாரே சேஜோங், அவருக்கும் ஆசை விடவில்லை. தேஜோங் அவருடைய தந்தை. அந்த ஆட்சியின் ஏடு 1431இல் தயாரானதும் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டார். நீங்கள் பார்த்தால் உங்களுக்குப் பின் வருபவரும் பார்ப்பார், பிறகு எழுதுபவன் கை நடுங்கும் என்று முதிய அமைச்சர் மேங் சா-சோங் தடுத்தார். சேஜோங் விட்டுவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். அந்த மனிதர் மீது எனக்கு மரியாதை கூடியது எழுத்தைக் கண்டுபிடித்ததால் அல்ல, இந்த இரண்டாவது 'சரி'யினால்தான்.

வழக்கம் சீனத்திலிருந்து வந்தது. கி.மு. 548இல் சீ நாட்டில் சூய் சூ என்ற அமைச்சர் தன் அரசனைக் கொல்வித்தார். "சூய் சூ தன் அரசனைக் கொன்றான்" என்று அரண்மனை வரலாற்றாளர் எழுதினார், அவரைக் கொன்றார்கள். தம்பி அதையே எழுதினார், அவரையும் கொன்றார்கள். அடுத்த தம்பிக்கும் அதே கதி. கடைசித் தம்பி வந்து அதே வரியை எழுதினார், விட்டுவிட்டார்கள். இதற்குள் சகோதரர்கள் எல்லாரும் செத்தார்கள் என்று கேள்விப்பட்டு, தெற்கிலிருந்து இன்னொரு வரலாற்றாளர் மூங்கில் பட்டைகளுடன் கிளம்பி வந்துகொண்டிருந்தாராம். எழுதியாயிற்று என்று தெரிந்ததும் திரும்பிப் போனார். இந்தத் தெற்கத்திக்காரரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. அதே சீனத்தில்தான் பிற்காலத்தில் தாங் பேரரசர் தைசோங், தம்மைப் பற்றிய ஏட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கடன் வாங்கியவர்கள் கடன் கொடுத்தவர்களைவிடக் கறாராக இருந்திருக்கிறார்கள்.

இது ஏன் நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கன்பூசியர்கள் நரகம், மறுபிறவி என்றெல்லாம் அதிகம் பேசுவதில்லை. செத்த பிறகு மிஞ்சுவது வழிபடும் சந்ததியும் பெயரும்தான். அந்தப் பெயரோ எட்டுச் சின்னப் பையன்களின் கையில். மன்னன் அஞ்சுவது வரலாற்றுக்கு மட்டுமே என்று யோன்சான் மன்னனே சொன்னதாக ஏடு சொல்கிறது. இத்தனைக்கும் அவன்தான் அவர்கள் எல்லாரிலும் கொடியவன். 1498இல், கிம் இல்-சொன் என்ற குறிப்பாளர் தம் குறிப்புகளில் ஆசிரியர் கிம் ஜோங்-ஜிக்கின் இரங்கல் உரை ஒன்றைச் சேர்த்திருந்தது வெளியே கசிந்தது. பழைய சீன அரசன் ஒருவனுக்கு எழுதியதுபோல் இருந்தாலும், யோன்சானின் கொள்ளுத் தாத்தா தன் அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்ததைத்தான் அது குத்திக்காட்டியது. கிம் இல்-சொன்னைக் கொடூரமாகக் கொன்றார்கள். ஆசிரியர் ஏற்கெனவே இறந்துவிட்டாரே என்கிறாயா? கல்லறையைத் தோண்டி உடலின் தலையை வெட்டினார்கள். 1506இல் யோன்சானை அரியணையிலிருந்து இறக்கினார்கள். அவனுடைய ஆட்சிக் குறிப்புக்குச் சில்லோக் என்ற பெயரையே கொடுக்கவில்லை, வெறும் 'நாட்குறிப்பு'.

உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. இடித்துரைக்கும் உரிமையெல்லாம் படித்த மேல்தட்டு ஆண்களுக்கே. அடிமைகள் எதையும் எழுதவில்லை, அவர்களைக் கணக்கெடுத்து மற்றவர்கள் எழுதினார்கள். 1519இல் அந்தப்புரத்தில் நடப்பதைப் பதிவு செய்யப் பெண் குறிப்பாளர் வேண்டும் என்று சில அறிஞர்கள் மன்னரிடம் கேட்டார்கள். எழுத்தில் தேர்ந்த பெண்கள் இப்போது எங்கே என்றார் மன்னர். சீன எழுத்து எதற்கு, கொரிய எழுத்தில் எழுதினால் போதுமே என்று ஒருவர் மடக்கினார். பேச்சு அத்தோடு நின்றது. படிக்க விடாமல் வைத்துவிட்டு, படித்தவள் எங்கே என்று கேட்பது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

போன வாரம் ஓதே மலைக்குப் போய் வந்தேன். ரயிலில் ஜின்பு வரை, அங்கிருந்து பஸ். வொல்ஜோங்சா என்ற பௌத்த மடம், எண்கோணமாக ஒன்பது அடுக்குக் கற்கோபுரம், மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்தன. நான் போனது கோபுரத்துக்காக அல்ல. 1592இல் ஜப்பானியர் படையெடுத்தபோது ஏட்டின் நான்கு பிரதிகளில் மூன்று எரிந்துபோயின. ஜொன்ஜுவில் இருந்த ஒன்றை மட்டும் அன் உய், சொன் ஹோங்-ரோக் என்ற இரண்டு உள்ளூர்ப் படிப்பாளிகள் சுமந்துபோய் மலைக்குகையில் வைத்துப் பல மாதங்கள் காவல் இருந்தார்கள். போருக்குப் பிறகு அதிலிருந்து மறுபடி அச்சிட்டு, நகரங்களை இனி நம்ப முடியாது என்று பெரும்பாலும் மலைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே யார் காவல்? பௌத்தத் துறவிகள்! இதே அரசுதான் 1406இல் 242 மடங்களை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றின் நிலங்களைப் பிடுங்கியது. துறவிகள் தலைநகருக்குள் நுழையக் கூடாது என்ற தடை 1895இல்தான் நீங்கியது. ஊருக்குள் விடாதவர்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்த கதை. துறவிகளும் காத்தார்கள்.

ஓதே மலைக்கு வந்தது அச்சுப் பிழை திருத்திய படி. சிவப்பு மையில் திருத்தங்கள் அப்படியே இருக்கின்றன. தாளை வீணாக்க மனம் வரவில்லை போலும். 1913இல் அதை ஜப்பானியர் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1923 நிலநடுக்கத் தீயில் நூலகம் எரிந்தது. தப்பித்தவை யாரோ இரவல் வாங்கி வெளியே கொண்டுபோயிருந்த புத்தகங்கள்: 1932இல் 27, 2006இல் 47 திரும்பி வந்தன. ஆகவே 1981இல் என்னிடம் வாங்கிப்போன அகராதியை இனிக் கேட்க மாட்டேன்.

நேற்று நகரத்துக்குள்ளேயே சேகோம்ஜோங் என்ற ஓடைக்குப் போனேன். தொகுப்பு வேலை முடிந்ததும் வரைவுத் தாள்களை இங்கே கொண்டுவந்து நீரில் அலசி மையைக் கழுவுவார்களாம். யார் யாரைப் பற்றி என்ன எழுதினார் என்பது வெளியே தெரியாது. கழுவிய தாள் பக்கத்துக் காகிதப் பட்டறைக்குப் போகும். பிறகு பாறைமேல் விருந்து. இப்போது ஓடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர், ஒரு கிழவர் நாயுடன் நடந்துகொண்டிருந்தார். மண்டபம் 1977இல் புதிதாகக் கட்டியது. நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி மாதம் திரும்புகிறேன். குளிருக்கு இங்கே நல்ல கம்பளிக் காலுறை கிடைக்கிறது. உன் கால் அளவை அடுத்த கடிதத்தில் எழுது.

உன்
பழைய அறைத்தோழன்