கார்டும் காசும் ஒரே பர்ஸில் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாக வெளிநாடு கிளம்பும் பெரியவர்களிடம் டிராவல்ஸ்காரர்கள் பெட்டி எடையைப் பற்றி மறக்காமல் சொல்கிறார்கள். பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது என்றும் சொல்லி அனுப்ப வேண்டும்.

இரண்டு வங்கிகளின் கார்டு இருப்பது நல்லது. அன்றாடச் செலவுக்கான ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு) பர்ஸில் இருக்கட்டும். கிரெடிட் கார்டை வேறு பையில் வையுங்கள். ஓட்டலில் முன்பணமாக ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். அதற்கு ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினால் கைச்செலவுக்கான பணமே பல நாள் முடங்கிவிடும். கிரெடிட் கார்டைத்தான் கொடுக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல், புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நாம்தான் திறந்துவிட வேண்டும். இதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அங்கே போனபின், சிம்மில் ரோமிங் இல்லையென்றால் ஓடிபி வராது. ஆன்லைன் வசதி தேவையில்லாவிட்டால் அணைத்தே வையுங்கள். பல வெளிநாட்டு இணையதளங்கள் ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துவிடும்.

பலர் ஏமாறும் இடம் கடை மெஷின். சிங்கப்பூரில் கார்டைச் செருகியதும் சில மெஷின்களில் இரண்டு தொகை தெரியும்: ஒன்று எஸ்ஜிடி (சிங்கப்பூர் டாலர்), மற்றது ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்). நம் ரூபாயைக் கண்டதும் விரல் அங்கேதான் போகும். அழுத்தாதீர்கள். அந்த ரூபாய்க் கணக்கில் மாற்று விகிதத்தை உயர்த்தி வைத்திருப்பார்கள். எஸ்ஜிடியையே அழுத்துங்கள். கடைக்காரரே ரூபாயை அழுத்திவிட்டால், அந்த பில்லை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். ஏடிஎம்மில் இதே கேள்வி ‘வித் கன்வர்ஷன்’, ‘வித்தவுட் கன்வர்ஷன்’ என்று வரும். இரண்டாவதுதான் சரி, அதை அழுத்தினாலும் பணம் வரும்.

ரொக்கம் மூன்று நாள் செலவுக்குப் போதும், அதிலும் சில்லறை நோட்டுகளாக. பெரும்பாலான நாடுகளுக்கு 3,000 அமெரிக்க டாலர் வரைதான் நோட்டாகக் கொண்டுபோக அனுமதி. மடிப்பு, பேனாக் கிறுக்கல் உள்ள டாலர் நோட்டை இங்கேயே மாற்றிக் கேளுங்கள். தென்கிழக்கு ஆசியாவில் பல பணமாற்றுக் கடைகளில் அவற்றை வாங்குவதில்லை, அல்லது விலையைக் குறைக்கிறார்கள்.

கார்டு தொலைந்தால் உடனே முடக்க வேண்டும். வங்கிகளின் 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. +91 என்று தொடங்கும் வங்கி எண்ணை, கார்டின் கடைசி நான்கு இலக்கங்களோடு ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பின் நம்பர் அதில் வேண்டாம். டிக்கெட்டோடு இப்படி ஒரு தாளை டிராவல்ஸ்காரர்களே பெரிய எழுத்தில் அச்சடித்துத் தரலாமே.

– வாசகர், திருச்சி