செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, "ஆன் த வே" என்று குழுவில் போட்டுவிட்டு இன்னும் வந்துகொண்டே இருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை ஆடும் நம் ரோல்பிளே சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், மழை நாட்களும் பரீட்சை மாதமும் தவிர, நடந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் நாம் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை வெளியிட்டு 50 ஆண்டு நிறைந்ததற்குக் கேக் வெட்டினோம். கேக் தீர்ந்துவிட்டது, பங்குப் பணம் வரவில்லை. அதன் விதிநூலின் 2024 திருத்தப் பதிப்புக்கு மாறுவதா என்று விவாதித்தோம். ஒரு மேசை மாறியது, இன்னொரு மேசை மாறவில்லை. ஆயுத பூஜைக்குப் பகடைகளைத் தட்டில் வைத்துக் கும்பிட்டோம். இருபது முகப் பகடையில் வைத்த சந்தனம் காய்ந்து கெட்டியாகி, அது சில வாரங்கள் ஒரே பக்கமாக விழுந்தது. அந்த வாரங்களில் ஜெயித்தவர்கள் யாரும் புகார் தரவில்லை. இப்போது கழுவியாகிவிட்டது.

இனி இந்த ஆண்டின் முக்கியமான பணிக்கு, அதாவது ஆட்டத்தில் நாம் பேசும் சொற்களுக்கு விளக்கம் எழுதிய சொற்குறிப்புக்கு, வருகிறேன்.

மே மாதம் நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பதிவில் இருக்க வேண்டும். ஒரு மேசையில் முன்னால் நின்று அடி வாங்கும் போர்வீரன் விழுந்துவிட்டான். அவனை நம் ஆட்கள் "டேங்க்" என்பார்கள். அவன் விழுந்ததும் ஐந்து பேரும் சேர்ந்து, "டேங்க் காலி! டேங்க் காலி!" என்று கத்தினார்கள். சென்னையில், மே மாதத்தில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கத்தலாமா? கீழே இருந்த வாட்ச்மேன் அண்ணன் பாவம், ஓடிப்போய் மோட்டார் போட்டார். மேலே தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது. வழிந்த தண்ணீர் நேராக, மாடியில் வேட்டி விரித்து வீட்டுக்காரம்மா பிழிந்து வைத்திருந்த கூழ் வடகத்தின் மேல் போய் விழுந்தது. அன்று சாயங்காலம் படியில் நின்று திட்டு வாங்கியது செயலாளர். கத்திய ஐந்து பேரும் பின்பக்கப் படி வழியாகப் போய்விட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. வடகத்துக்குப் பணம் கொடுத்துவிடலாம். ஆகஸ்டில் நடந்ததற்கு என்ன கொடுப்பது? கல்லூரி மாணவி ஒருவர் தானாக விசாரித்துக்கொண்டு, தோழியையும் அழைத்துக்கொண்டு வந்தார். இப்படி ஆள் வருவது நமக்கு அபூர்வம். உட்கார்ந்த பத்து நிமிடத்தில் அவர் காதில் விழுந்தது இது: "நீ ஸ்க்விஷி, பேக்லைன்ல நில்லு. டிபிஎஸ் பார்த்துக்கலாம். பிபிஇஜி அக்ரோ எடுத்தா டிபிகேதான்." அதாவது, நீ அடி தாங்க மாட்டாய், பின்னால் நில்; சேதக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்; பெரிய வில்லன் குறிவைத்தால் நம் மொத்தக் கூட்டமும் காலி. அந்த மாணவி பகடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பக்கத்து மேசையில் ஒருவர் எழுந்து "நாட் ட்வென்டி!" என்று கூவினார். அந்தப் பெண் எட்டிப் பார்த்தார். பகடையில் 20 தெளிவாகத் தெரிகிறது. "இருபதுதானே அண்ணா விழுந்திருக்கு? ஏன் இல்லைங்கறாங்க?" என்று என்னிடம் கேட்டார். 'நாட்' என்பது 'நேச்சுரல்', அதாவது எதையும் கூட்டாமல் இயல்பாகவே விழுந்த 20 என்று நான் விளக்கி முடிப்பதற்குள் தோழி பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். போகும்போது, "ஜிஎஸ்டி கிளாஸ் மாதிரி இருக்கு அண்ணா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுபடி வரவில்லை.

இதற்குப் பிறகுதான் சொற்குறிப்பு தயாரித்தேன். செயற்குழுவின் ஒப்புதல் இல்லாமல் சங்கப் பணத்தில் ஜெராக்ஸ் எடுத்ததாக ஒரு பேச்சு இருக்கிறது. அந்த மாதங்களில் செயற்குழு கூடவில்லை. கூடியிருந்தால் கேட்டிருப்பேன். கூட்ட அறிவிப்பை மூன்று பேர் பார்த்ததற்கு நீல டிக் இருக்கிறது.

சொற்குறிப்பில் என்ன இருக்கிறது என்று படிக்காமலே விமர்சிப்பவர்கள் இருப்பதால் கொஞ்சம் சொல்கிறேன். எல்லாக் கலைச்சொல்லையும் நான் எதிர்க்கவில்லை. ஒருவனை அடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லும் கவச எண், அவன் எவ்வளவு அடி தாங்குவான் என்று சொல்லும் உயிர்ப் புள்ளி இல்லாமல் ஆட முடியாது. அவற்றைத் தான் முன்பு எழுதிய கப்பற்போர் விளையாட்டு விதிகளிலிருந்து எடுத்துக்கொண்டதாக ஆர்னெசனே சொல்லியிருக்கிறார். அவற்றுக்கு வேலை இருக்கிறது, இருக்கட்டும். என் சண்டை வேலையில்லாமல் சுற்றும் சொற்களோடுதான்.

டிபிஎஸ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு எவ்வளவு சேதம் என்று அர்த்தம். எவர்க்வெஸ்ட் 1999இல் வந்தது, வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2004இல் வந்தது. அந்தக் கணினி ஆட்டங்களில் கடிகாரம் நிஜமாகவே ஓடுகிறது, அங்கே அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. நம் மேசையில் ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு வினாடி. அந்த ஆறு வினாடியை ஆடி முடிக்க நமக்கு அரை மணி நேரம் ஆகிறது, நடுவில் டீ வேறு. இதில் வினாடிக் கணக்கு யாருக்கு வேண்டும்? அக்ரோவும் அப்படித்தான். கணினியில் அரக்கன் யாரை அடிப்பது என்பதை ஒரு மறைவான எண் தீர்மானிக்கிறது. இங்கே தீர்மானிப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர், அதாவது ஆட்டத்தை நடத்தும் டிஎம். அவரிடம் போய் "அக்ரோ என் மேலதான் இருக்கணும்" என்று வாதாடுவது, இல்லாத மீட்டருக்கு ரீடிங் கேட்பது.

நாட் ட்வென்டி பற்றித் தனிப் பக்கமே எழுதியிருக்கிறேன். விதிநூலின்படி இயல்பான 20 தானாக வெற்றி தருவது ஆயுத வீச்சுக்கும் மந்திர வீச்சுக்கும், அதாவது தாக்குதலுக்குத்தான். 2014 பதிப்பிலும் அப்படித்தான், 2024இலும் அப்படித்தான். பேச்சுத் திறமைக்கு உருட்டி 20 விழுந்தவுடன் ராஜா எழுந்து ராஜ்யத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அது விழும் வாய்ப்பு 20இல் 1, அதாவது 5 சதவீதம். இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகை இருந்தால் 9.75. ஐந்து பேர் சாயங்காலம் முழுக்க உருட்டினால் அது வரத்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் நாற்காலி மேல் ஏற வேண்டியதில்லை. நாற்காலி வாடகைக்கு எடுத்தது.

"க்ராக்னார்டு" என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மூத்த உறுப்பினர்கள் என் மேல் கோபமாக இருக்கிறார்கள். நெப்போலியனின் பழைய காவல்படை வீரர்களுக்கு இருந்த செல்லப்பெயர் அது. முணுமுணுப்பவர்கள் என்று பொருள். அதைத்தான் சொற்குறிப்பில் எழுதினேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. மூன்றாம் பதிப்பிலிருந்து, அதாவது 2000இலிருந்து ஆடுகிறேன் என்று ஒருவர் இந்தப் பட்டத்துக்கு உரிமை கோருகிறார். அதற்கு முன்பு தாக்கோவோடு மல்லுக்கட்டியவர்கள் முன்னால் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். புதியவர்களுக்காக: தாக்கோ என்பது கவச எண் 0 உள்ள எதிரியை அடிக்கப் பகடையில் விழ வேண்டிய எண். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் கவச எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு அதிகம். உங்கள் தாக்கோ 20, எதிரியின் கவசம் 4 என்றால் கழித்து, பகடையில் குறைந்தது 16 போட வேண்டும்; கவசம் மைனஸில் போனால் கூட்ட வேண்டும். தாக்கோ என்பதை "தாக்கு" என்பதிலிருந்து வந்த தமிழ்ச் சொல் என்று நினைத்த உறுப்பினர் ஒருவர் உண்டு. அவரை நான் திருத்தவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

நம்மவர்கள் தாங்களே செய்த சொற்களும் உள்ளே இருக்கின்றன. கதையை டிஎம் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் போனால் "தண்டவாளம் போடாதீங்க ஜி" என்கிறார்கள். கேட்டவுடன் யாருக்கும் புரிகிறது, குறிப்பே தேவையில்லை. ஜிஎன்எஸ் என்பதற்குக் குறிப்பு எழுதியும் புரியவில்லை. ஆட்ட வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் பரப்பிய கோட்பாடு அது. ஆடுகிறவர் ஜெயிக்க வருகிறாரா, கதைக்கு வருகிறாரா, அந்த உலகம் நிஜம்போல் இயங்க வேண்டும் என்று வருகிறாரா என்று பிரிக்கிறது. நவம்பரில் இதைப் பற்றி ஓர் உறுப்பினர் ஆட்டத்துக்கு முன் "ரெண்டு வார்த்தை" பேச அனுமதி கேட்டார். அன்று ஆட்டம் நடக்கவில்லை.

சொற்குறிப்பில் இடம் தர மறுத்த ஒரே தொடர், "நான் என்னங்க செய்யறது, என் கேரக்டர் அப்படித்தான்." கூட வந்தவன் பையில் திருடிவிட்டு, சத்திரத்தைக் கொளுத்திவிட்டு, இதைச் சொல்லிக்கொண்டு பஜ்ஜியை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கேரக்டரை எழுதியது யார்? அதற்கு விளக்கம் தேவையில்லை, தடைதான் தேவை. தீர்மானமாகக் கொண்டுவந்திருக்கிறேன்.

சொற்குறிப்போடு சேர்த்து உண்டியலும் வைத்தோம். புதியவர் முன்னால் விளக்காமல் சுருக்கெழுத்துப் பேசினால் 10 ரூபாய். முதல் வாரம் நல்ல வசூல். இரண்டாவது வாரத்திலிருந்து "ஜிபே பண்றேன்" என்பது ஆரம்பித்தது. பிறகு கடன் சீட்டுகள். ஒருவர் 100 ரூபாய்த் தாளை மொத்தமாகப் போட்டுவிட்டு, "மாசத்துக்கு அட்வான்ஸ்" என்று அறிவித்து, அன்று வாய் ஓயாமல் பேசினார். அவரை என்ன செய்வது என்று விதியில் இல்லை. ஆனாலும் ஜனவரியில் வந்த இரண்டு புதியவர்கள் இன்றும் வருகிறார்கள், இதோ பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் சொற்குறிப்பு இருக்கிறது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

"எல்லாவற்றையும் விளக்கினால் ருசி போய்விடும், புரியாதவன் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்" என்கிறார்கள். தெருக் கிரிக்கெட்டில் காஜி யாருக்கு, ஒன் பிட்ச் கேட்ச் உண்டா என்பது புதுப் பையனுக்கும் அரை ஓவரில் தெரிந்துவிடும், ஏனென்றால் மற்ற பையன்களுக்கு ஆள் வேண்டும். நமக்கு ஆள் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொதுக்குழு சொல்லட்டும்.

சந்தா விஷயம். கட்டியவர்களுக்கு நன்றி, அவர்கள் யார் என்பது அவர்களுக்குத் தெரியும், எண்ணிக்கையும் அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா என்று கேட்டால் கட்டை விரல் போடுகிறவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டை விரலை நம்பி டிஎம் சனி இரவு உட்கார்ந்து குகைக்கு வரைபடம் போடுகிறார், ஆறு பேருக்கு ஏற்ற அரக்கனைத் தேர்ந்தெடுக்கிறார். மறுநாள் இரண்டு பேர் வருகிறார்கள். அந்த இரண்டு பேரும் சாகிறார்கள். அதற்கும் டிபிகே என்று ஒரு சுருக்கெழுத்து வைத்திருக்கிறோம், ஆனால் அது அரக்கன் செய்த கொலை இல்லை.

கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். வாடகை, மின்கட்டணம், டீ, ஜெராக்ஸ், வடகம் ஆகியவை முக்கியச் செலவுகள். கையிருப்பு நேர்மறையாக இருக்கிறது, உண்டியலின் கடன் சீட்டுகளையும் வரவாகச் சேர்த்தால்.

இடம் தந்த வீட்டுக்காரருக்கும், பெருந்தன்மையோடு மறந்துவிட்ட வீட்டுக்காரம்மாவுக்கும், இப்போது மோட்டார் போடுவதற்கு முன் மேலே வந்து கேட்டுவிட்டுப் போகும் வாட்ச்மேன் அண்ணனுக்கும், பகடைகளைக் கழுவிய தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். ஆட்டம் நடத்த இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், ஒருவருக்கு ஜூனில் கல்யாணம். விதிகளைப் பற்றி இவ்வளவு பேசும் உறுப்பினர்களில் ஒருவர் டிஎம்மாகத் திரைக்குப் பின்னால் உட்கார முன்வந்தால் மூன்றாவது மேசை போடலாம். சொற்குறிப்பின் இரண்டாம் பதிப்புக்குத் தட்டச்சு வேலை இருக்கிறது. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க விரும்பினால் அறைச் சாவி, உண்டியல், கடன் சீட்டுகள், வீட்டுக்காரம்மாவின் போன் நம்பர் எல்லாவற்றையும் இன்றே மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் செயற்குழு மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும்.

சந்தா பாக்கி உள்ளவர்களின் பட்டியல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. பெயர்களைச் சுருக்கி எழுதவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்