தம்பியின் டாக்டர் பற்றி ராஜுவுக்கு

சுங்கை சிப்புட்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் கிடைத்தது. தம்பிக்கு மூளைக் கட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நாங்கள் சுகம். நம் தோட்டத்தில் இப்போது ஒரு பால்மரம்கூட இல்லை, எல்லாம் செம்பனைதான்.

கட்டியை எடுத்த சர்ஜன் இருக்கும்போது நியூரோலஜிஸ்ட், அதாவது நரம்பு டாக்டர், எதற்கு, நம்மைக் கைகழுவிவிட்டார்களா என்று கேட்டிருந்தாய். அப்படி இல்லையடா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக, மருத்துவ உதவியாளனாக இருந்தவன் சொல்கிறேன், நம்பு. தம்பிக்கு வந்த கிளியோபிளாஸ்டோமா மூளைக்குள் வேர்விட்டுப் பரவுகிற கட்டி. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் தங்கிவிடும். மிச்ச வைத்தியத்துக்குத்தான் அந்த நியூரோலஜிஸ்ட் அம்மா.

அவர் என்ன படித்திருப்பார் என்றும் கேட்டாய். நம் மலேசியாவில் மருத்துவப் படிப்பு 5 வருஷம், ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மேன் பயிற்சி 2 வருஷம். அப்புறம் பொது மருத்துவத்தில் ஸ்பெஷலிஸ்ட் ஆகி, அதற்கு மேல்தான் நரம்பியல். மூளைக் கட்டிக்கான பயிற்சியை அவர் அமெரிக்காவில் எடுத்தார் என்று எழுதியிருந்தாய். அங்கே அது 1 அல்லது 2 வருஷம். நோயாளியைக் கவனித்துப் பார்ப்பதற்கே இத்தனை வருஷப் படிப்பு, ராஜு. அது எனக்குப் பெரிய விஷயம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தம்பிக்குக் கதிர்வீச்சு 6 வாரத்தில் 30 தடவை, கூடவே தினமும் டெமோசோலோமைட் என்ற புற்றுநோய் மாத்திரை என்றாய். ரோஜர் ஸ்டூப் என்ற டாக்டரின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில் வந்த முறை அது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 10 பேர்தான் 2 வருஷம் தாண்டினார்கள். மாத்திரையும் சேர்ந்தபோது 26 பேர். அந்த வைத்தியம் முடிந்த முதல் சில மாதங்களில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி பெரிதானதுபோலத் தெரியலாம். சில சமயம் அது வெறும் சிகிச்சை வீக்கம்தான். நிஜமாகவே வளர்கிறதா, வீக்கமா என்று பிரித்தறிவது லேசான காரியமில்லை. படத்தோடு ஆளையும் பார்க்கவேண்டும்: கை பலம், நடை, பேச்சு. வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் சர்க்கரையை ஏற்றும், அதையும் கவனிக்கவேண்டும். அதனால் ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் உடனே மனம் உடைந்துவிடாதே.

ஒரு நோட்டு வாங்கி வை. வலிப்பு எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எந்தப் பக்கம் இழுத்தது, எந்த வார்த்தைக்குத் தடுமாறினான் என்று எழுது. டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்த அப்பாயின்மெண்ட் தேதியை எழுது, ரயிலேறி வந்துவிடுகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணியம்