பர்மாவிலிருந்து என் மகனைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

காரைக்குடிப் பக்கத்து ஊரில் தச்சு வேலை பார்க்கிற ஒரு தகப்பன் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் 2025 மார்ச்சில் என் மகன் உயிரோடு வீடு வந்து சேர்ந்ததற்குப் பின்னால் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் வாசலுக்கும் போய்க் கைகூப்பத்தான் ஆசை. பாதிப் பேருடைய முகம்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

பர்மா என்றால் எனக்கு மரம். முப்பது வருஷமாக இடிபடுகிற செட்டிநாட்டு வளவு வீடுகளுக்கும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. தூண், நிலை, உத்தரம் எல்லாமே பர்மாத் தேக்கு. நூறு வருஷம் கழித்து உளி வைத்தாலும் எண்ணெய் மணக்கும். 2024 டிசம்பரில் ஒரு ராத்திரி, தெரியாத நம்பரிலிருந்து மகன் பேசினான். "அப்பா, நான் தாய்லாந்துல இல்லப்பா. பர்மாவுல இருக்கேன். மியாவடின்னு ஊரு. என்னை வித்துட்டாங்க." அவ்வளவுதான், போன் கட்டாகிவிட்டது.

அவன் பி.காம் முடித்தவன். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 65,000 ரூபாய் என்று டெலிகிராமில் பார்த்தான். ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டார். விசாவைப் பற்றிக் கேட்டதற்கு, "இந்தியர்களுக்கு 60 நாளுக்கு விசாவே வேண்டாம், போன பிறகு கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்றார். விசா வேண்டாம் என்றது அப்போது உண்மைதான். அது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கானது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓட்டி, மேசோட் என்கிற எல்லை ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே மோயி ஆறுதான் எல்லை. சில நிமிஷப் படகுப் பயணம், அக்கரையில் துப்பாக்கியோடு ஆட்கள். பாஸ்போர்ட்டும் போனும் போய்விட்டன.

அந்த மோசடிக் கட்டடத்துக்குள்ளே பெண் பெயரில் இணையத்தில் கணக்கு தொடங்கி, முகம் தெரியாத ஆட்களிடம் ஆசையாகப் பேசி, கிரிப்டோ என்கிற இணைய நாணயத்தில் பணம் போடவைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம். சொன்ன கணக்கு வராவிட்டால் அடி, சில நாள் கரண்ட் ஷாக். வெளியே போக வேண்டுமென்றால் 5,000 டாலர் கட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் அவன் எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த முதல் ராத்திரியே எங்கள் வீட்டுக்கு வந்தவர் மூன்றாவது வீட்டு ஆச்சி. எண்பதைத் தாண்டியவர். என் வீட்டம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பச்சி 1942-ல ரங்கூனை விட்டு நடந்தே வந்தாக. காடு மலையெல்லாம் தாண்டி வந்தாக. ஒம் மகனும் வந்துருவான்" என்றார். அன்றிலிருந்து 90 நாள், ஒருநாள் விடாமல் சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். ஆச்சி, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள்.

அப்புறம் காவல் நிலையம் போனோம். எந்த நிலையம் என்று சொல்ல விருப்பமில்லை. கொடுக்கல் வாங்கல் விஷயம், ஏஜென்டோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் டீச்சரம்மா வந்தார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டீச்சரம்மா ஓய்வு பெற்றவர்கள். அதற்கு முந்தின வருஷம் போனில் வந்த ஒரு பேச்சை நம்பி, பி.எஃப். பணத்தில் நான்கு லட்சத்தைத் தொலைத்தவர்கள். சைபர் மோசடிக்கான 1930 என்கிற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லியும் காசு திரும்பவில்லை. என் மகன் எந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பது ஊரில் எல்லாரையும்விட அவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. "டீச்சரம்மா, அவன் வேணும்னு செய்யலை" என்று ஆரம்பித்தேன். "ஆசாரியாரே, எனக்குப் போன் பண்ணினவனும் இப்படித்தான் எங்கேயோ அடி வாங்கிக்கொண்டு பேசியிருப்பான். உங்க பையனோட பாஸ்போர்ட் நகல் இருக்கா?" என்று கேட்டார்கள்.

அன்று ராத்திரியே ஆங்கிலத்திலும் தமிழிலும் மனு எழுதினார்கள். பாஸ்போர்ட் எண், விமான டிக்கெட், ஏஜென்டுக்குப் பணம் போட்ட ரசீது, போன் வந்த நேரம், எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினார்கள். திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அவர்களும் எங்களோடு பஸ்ஸில் வந்தார்கள். அங்கே மனுவை வாங்கிய அதிகாரி, "இது ஆள் கடத்தல்" என்று முதல் முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார். அந்தச் சொல்லுக்காகவே அவருக்கு நன்றி. அதுவரை என் மகன் ஏமாளி, பேராசைக்காரன், இல்லையென்றால் மோசடிக்காரன். அன்றைக்குத்தான் பாதிக்கப்பட்டவன் ஆனான். மனு அயலகத் தமிழர் நலத்துறைக்கும் வெளியுறவுத் துறைக்கும் போனது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், வெளிநாட்டில் சிக்கிய இந்தியர்களுக்காக வெளியுறவுத் துறை நடத்தும் 'மதத்' என்கிற புகார் இணையதளத்தில் பதிவு செய்து, பாங்காக் தூதரகத்துக்கும் ரங்கூன் தூதரகத்துக்கும் மாறி மாறிப் பேசினான். தூதரகத்தில் போன் எடுத்தவர்கள் எரிந்து விழவில்லை. ஏன் உடனே போய் மீட்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார்கள். அந்த ஆற்றோரம் பர்மா அரசாங்கத்தின் கையில் முழுதாக இல்லை. ஆயுதம் வைத்திருக்கும் குழுக்கள் ஆளுக்கொரு பகுதியை வைத்திருக்கின்றன. அவர்கள் நிழலில்தான் இந்தக் கட்டடங்கள் நிற்கின்றன. ஒரு நாட்டுப் போலீஸ் ஆற்றங்கரை வரைதான் வர முடியும். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. இருந்தாலும் விஷயம் தெரிந்தபின் காத்திருக்க முடிந்தது.

2025 பிப்ரவரி 5 அன்று தாய்லாந்து அந்தப் பக்கத்துக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தியது. பெட்ரோல், இணையம் எல்லாம் நின்றன. சில வாரங்களில் ஆயிரக்கணக்கானவர்களை வெளியே விட்டார்கள். என் மகனும் ஒரு முகாமில் காத்திருந்தான். மார்ச் 10-ம் தேதி நம் விமானப்படை விமானம் மேசோட்டிலிருந்து 283 இந்தியர்களை டெல்லிக்குக் கொண்டுவந்தது. அவர்களில் இவனும் ஒருவன். விமானத்தில் தண்ணீர் பாட்டில் கொடுத்த ராணுவ வீரரைப் பற்றி இன்றும் பேசுகிறான். டெல்லியில் விசாரணை முடிந்து, சென்னை வந்து, பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடி இறங்கினான். ஒரு சாக்குப் பை மட்டும் கையில் இருந்தது.

சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் ஓர் அம்மா எனக்கு விளக்கிச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். அந்த எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். எங்களிடம் ஒன்றரை லட்சம் கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டியது. பிள்ளைகளை அனுப்ப இருப்பவர்கள் தயவுசெய்து பாருங்கள். ஏஜென்ட் மேல் வழக்கு நடக்கிறது. நடக்கட்டும்.

ஒருவனுக்கு மட்டும் நன்றி சொல்ல வழியில்லை. அந்த டிசம்பர் ராத்திரி, ஒளித்து வைத்திருந்த தன் போனைக் கொடுத்தவன் ஒரு கென்யா நாட்டுப் பையன். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் அடி விழும் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறான். அவனை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீடு போய்ச் சேர்ந்தானா என்று தெரியவில்லை. அவன் அம்மாவை நினைத்து என் வீட்டம்மா வெள்ளிக்கிழமைதோறும் தனியாக ஒரு விளக்கு ஏற்றுகிறாள்.

மகன் இப்போது என்னோடு பட்டறைக்கு வருகிறான். ராத்திரியில் இன்னும் திடுக்கிட்டு எழுந்திருக்கிறான். போன் அடித்தால் எடுக்கமாட்டான். ஆனால் இழைப்புளி பிடிக்க வந்துவிட்டது. டீச்சரம்மா வீட்டு நிலைக்கதவு போன மழையில் ஊதி, சாத்த முடியாமல் கிடக்கிறது. கூலி வாங்கிக்கொண்டால்தான் வேலையைத் தொடலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சரி என்றோம். இரண்டு நாளாக அவன்தான் அதை இழைத்துக்கொண்டிருக்கிறான்.