குதிரைத் தொட்டியில் தண்ணீர் வந்துவிட்டது, கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள உறவுகளே,

நுவரெலியாவில் எங்கள் தெருமுனையில் வறண்டு கிடந்த அந்தப் பழைய கல் தொட்டியில் போன வாரத்திலிருந்து தண்ணீர் ஓடுகிறது. மண் போட்டுப் பூச்செடி வைத்தால் வடிவாக இருக்கும் என்று சிலர் சொன்னபோது, "தொட்டின்னா குதிரை குடிக்கணும்" என்று விடாப்பிடியாக நின்ற சவாரிக் குதிரைக்காரத் தம்பிகளுக்குத்தான் முதல் நன்றி. ஒரு குதிரைக்கு நாளைக்கு 25 லீற்றராவது வேண்டும், ஏப்ரல் சீசனில் பகல் முழுக்க ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சுமக்கிற குதிரைக்கு அதுவும் போதாது, அவ்வளவையும் வாளியில் தூக்கி வந்து ஊற்றியவர்கள் இவர்கள்.

அப்புறம் மேசன் பாஸ். கல் இடுக்குகளில் முன்பு யாரோ அப்பியிருந்த சீமெந்தைச் சின்ன உளியால் பொறுமையாகத் தட்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்துதான் வைப்பேன் என்றார். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது, நம் ஊர் மழைக்கும் பனிக்கும் அது கல்லையே பொரிய வைத்துவிடும் என்று அவர் விளக்கிய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. மேலேயிருக்கிற தண்ணீர்ப் பீலியிலிருந்து குழாய் இழுக்கக் காண் வெட்டிய தோட்டத்துப் பொடியன்களே, கூலி வாங்க மறுத்துவிட்டீர்கள், உங்களை மறக்கவே மாட்டோம். தண்ணீர் தேங்காமல் வழிந்து ஓட ஒரு வாயும் வைத்திருக்கிறோம், தேங்கினால் பாசியும் நுளம்பும்தான் மிஞ்சும்.

தங்கள் தரிப்பிடத்தைத் தள்ளி வைத்துக்கொண்ட ஆட்டோ அண்ணன்மாருக்கும், அனுமதிக் கடிதத்தை இழுத்தடிக்காமல் தந்த அதிகாரிக்கும் நன்றி.

1885 இல் நானுஓயாவுக்கு ரயில் வரும்வரை இந்த மலைக்கு ஏற குதிரை, மாட்டுவண்டி, இல்லையென்றால் நடைதான். குதிரையில் துரை வந்தார் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டு, தேய்த்துக் கழுவி, தண்ணீர் காட்டியது நம் ஆட்கள். எந்தக் கல்லிலும் அவர்கள் பெயர் இல்லை. இந்த வேலையில் நான் இறங்கியதே அவர்களுக்காகத்தான்.

தயவுசெய்து இங்கே சோப்புப் போட்டு வேன் கழுவாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் எதிர்த்த தேத்தண்ணிக் கடை அக்காவிடம் சொல்லுங்கள், வால்வுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. வேலை நடந்த நாளெல்லாம் எங்களுக்குப் பிளேன்டி ஊற்றித் தந்ததும் அவர்தான். நன்றி அக்கா.