மழைக்காக ஒதுக்கிய காடு

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. வாத்தியார் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அந்த ஐம்பது ரூபாயை அவர் இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னாயே, சுற்றுச்சூழல் அக்கறை எல்லாம் 1970-இல் அமெரிக்கக்காரன் பூமி தினம் கொண்டாடியதில் தொடங்கியது, வயிறு நிறைந்தவனுக்கு வந்த கவலை என்று. அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. கையில் கிடைத்ததை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதற்கு இருநூறு வருடம் முன்னால் போக வேண்டும்டா, அதுவும் தீவுகளுக்கு. மொரிஷியஸில் டச்சுக்காரர்கள் கருங்காலி மரங்களை வெட்டித் தள்ளினார்கள். டோடோ பறவையும் அழிந்தது. அப்புறம் பிரெஞ்சு ஆட்சியில் பியர் புவாவ்ர் என்ற அதிகாரி, மரம் போனால் மழையும் போகும் என்று நம்பி, 1769-இல் காட்டைக் காக்கச் சட்டம் போட்டார். நிலம் வைத்திருப்பவர் கால் பங்கைக் காடாகவே விட வேண்டும். கரீபியனில் டொபேகோ தீவின் நடு மலைத்தொடரை 1776-இல் ஆங்கிலேயர் ஒதுக்கியதும் மழைக்காகத்தான். செடிகள் இலை வழியாக எவ்வளவு நீரை வெளியே விடுகின்றன என்று அளந்து பார்த்த ஆங்கில விஞ்ஞானி ஸ்டீபன் ஹேல்ஸின் ஆராய்ச்சி அதற்குப் பின்னால் இருந்தது. அந்தக் காடு இன்றும் இருக்கிறது! ஏன் தீவில் தொடங்கியது என்றால், அங்கே வெட்டுகிறவன் கண் முன்னாலேயே ஓடை வற்றிவிடும். அடுத்த மலைக்குப் போகலாம் என்றால் கடல்தான் இருக்கும்.

ஆனால் படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. அந்த மழை யாருக்கு? கரும்புத் தோட்ட முதலாளிக்கு. வெயிலில் கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அதே கரீபியனில் செயிண்ட் வின்சென்ட் தீவிலும் 1791-இல் மழைக்காக ஒரு காட்டை ஒதுக்கினார்கள். அதே தீவில் வாழ்ந்த கறுப்புக் கரீப் மக்களை (பழங்குடிக் கரீபுகளும் ஆப்பிரிக்கர்களும் கலந்த வம்சம்) ஆயிரக்கணக்கில் 1797-இல் கப்பலில் ஏற்றி, ஹோண்டுராஸ் பக்கம் ரோவாட்டான் தீவில் இறக்கிவிட்டார்கள். நம் சென்னை மாகாணத்தில் 1856-இல் ஹியூ கிளெக்ஹார்ன் காடுகளுக்குப் பொறுப்பேற்றார். ரயில் பாதைக்குக் கட்டை கட்டையாக மரம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், காட்டை எரித்து மாற்றி மாற்றிப் பயிர் செய்த ஏழைகள் மேல்தான் தடை வந்தது.

அதனால் எனக்கு 1973 பெரிதாகத் தெரிகிறது. இமயமலையில் இருக்கும் மண்டல் கிராமத்தில், கலப்பைக்கு மரம் கேட்டவர்களுக்கு அனுமதி இல்லை. விளையாட்டுச் சாமான் கம்பெனிக்குக் கிடைத்தது. கிராமத்தார் எதிர்த்து நின்றார்கள், மரத்தைக் கட்டிப்பிடித்துக் காக்கும் சிப்கோ இயக்கம் பிறந்தது. மறு வருடம் அதே மலைப்பகுதியில் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்கு வயிறு நிறைந்திருந்ததா, சொல்?

காட்டைக் காப்பது யார் என்பதோடு யாரிடமிருந்து காக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. உன் பதிலை எழுதியே அனுப்பு, போனில் மழுப்பிவிடுவாய். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய அறைத்தோழன்