கூப்பிடும் பெயர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புத் தோழி,

பிறந்தபோது குறித்த பாலினத்தில் வாழாத நம் தமிழர்களுக்காக நீ நடத்தப்போகும் ஒன்றுகூடலுக்கு நீ அனுப்பிய பதிவுப் பாரத்தை இரண்டு முறை படித்தேன். மண்டபம் கிடைத்துவிட்டது, சாப்பாட்டுக்கும் ஆள் ஏற்பாடாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் இப்படி ஒன்று தமிழிலேயே நடக்க வேண்டும் என்று எத்தனை நாள் பேசியிருக்கிறோம்! ஆனால் மூன்றாவது வரியில் 'ஆண் / பெண் / திருநங்கை' என்று கட்டம் போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. "எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே சொல் சொல், அதையே அச்சடிக்கிறேன்" என்று கேட்டிருக்கிறாய். அப்படி ஒரு சொல் இல்லை. வருகிறவர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது, அவரவர் பக்கத்தில் நியாயமும் இருக்கிறது.

'அலி', 'ஒன்பது', 'பொண்டான்' என்பதையெல்லாம் கேட்டே வளர்ந்தவர்களுக்குத் 'திருநங்கை' மரியாதையான சொல்தான். ஜமாத்து, அதாவது திருநங்கைகள் தமக்குள் அமைத்துக்கொண்ட குடும்பம், அந்த வழி வந்தவர்களுக்கு அது குடும்பப் பெயர் மாதிரி. அங்கே அம்மா உண்டு, பாட்டி உண்டு, மகள்கள் உண்டு. சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் போய், கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து வெள்ளைச் சேலை உடுத்துகிற வழக்கம் உண்டு. பால்மாற்று அறுவைக்குப் பிறகு 40 நாள் கஞ்சி வைத்துக் கொடுத்து, வெந்நீர் காய்ச்சி, 41ஆம் நாள் பால் ஊற்றிச் சடங்கு செய்பவரும் அந்த அம்மாதான். பெற்றவர்கள் வாசலோடு திருப்பி அனுப்பிய பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உறவு எது? "பெண்களோடு பெண்ணாகக் கலந்துவிடு" என்று அவரிடம் சொன்னால், இந்த உறவையெல்லாம் உதறிவிடு என்றுதான் காதில் விழும்.

அதே மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவர், "நான் பெண், முன்னாலும் பின்னாலும் எதையும் ஒட்டாதீர்கள்" என்பார். அவருக்குத் 'திருநங்கை' ஒரு வேலி. அலுவலக வேலை, வாடகை வீடு, அக்கம்பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாத வாழ்க்கை. வாசலில் பெரிய பேனர் கட்டினால் தெருமுனையிலேயே திரும்பிப் போய்விடுவார். அதனால் பேனரை உள்ளே மேடைக்குப் பின்னால் கட்டு. வாசலில் மண்டபத்தின் பெயரும் நேரமும் இருந்தால் போதும். படம் எடுப்பதென்றால் படத்துக்குச் சம்மதித்தவர்களை ஒரு பக்கமாக உட்கார வை. கூட்டம் முடிந்தபின் சம்மதம் கேட்டுப் பயனில்லை, அதற்குள் படம் நாலு வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கும்.

பெண் என்று பிறப்பில் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளை உன் பாரம் மறந்தே போய்விட்டது. நீ மட்டுமல்ல, எல்லோரும் மறக்கிறோம். அவர்களுக்கு ஜமாத்து இல்லை, திருவிழா இல்லை, 40 நாள் பார்த்துக்கொள்ளும் அம்மா இல்லை. மார்பு அறுவை முடிந்து சில வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் கிடக்கும்போது சட்டை மாட்டிவிடக்கூட ஆள் தேட வேண்டும். "எனக்குச் சமூகம் என்று ஒன்றும் வேண்டாம், ஆணாக வாழ விட்டால் போதும்" என்பவர்கள் அவர்களில் உண்டு. "எங்களுக்கும் ஒரு வீடு வேண்டும்" என்று ஏங்குபவர்களும் உண்டு. இளையவர்கள் சிலர் ஆணுமில்லை, பெண்ணுமில்லை என்பார்கள். பெரியவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிக்கலாம், நீ சுளிக்காதே.

என்னால் ஏற்க முடியாதது ஒன்றுதான்: அறுவை செய்தவர்தான் அசல் என்று தரம் பிரிப்பது. ஜமாத்திலும் நிர்வாணம் (அந்த அறுவைக்கு அங்கே வழங்கும் பெயர்) முடிந்தவருக்குத் தனி இடம். நீதிமன்றத்திலும் மருத்துவச் சான்றுதான் முதலில் கேட்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்து, பணமில்லாதவரையும் உடம்பு இடம் கொடுக்காதவரையும் பாதி மனிதராக்கிவிடுகின்றன. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒருவரின் உணர்வு பொருந்தாமல் இருப்பதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் பாலியல் நலப் பிரிவில் ஒரு குறியீட்டை வைத்திருக்கிறது, சிகிச்சை கிடைக்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக. நோய் என்ற பெயர் வேண்டாம், ஆனால் மருத்துவர் கதவைச் சாத்திவிடவும் கூடாது. இரண்டும் நியாயமான கவலை.

இந்தியாவில் 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினம் என்று சொல்லிவிட்டதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்கிறாய். அந்தத் தீர்ப்பைப் பலர் பாதிதான் படிக்கிறார்கள். ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று எதுவாகத் தன்னை உணர்ந்தாலும் அதை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான் அதில் இருப்பது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றது. ஆக, ஒரே சொல்லைத் திணிக்க அந்தத் தீர்ப்புகளைத் துணைக்கு அழைக்க முடியாது.

இங்கே மலேசியாவில் கதை வேறு. நம் தமிழர் ஐ.சி.யை, அந்த அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் பார். பாலினம் அதில் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 12 இலக்கத்தில் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 'லெலாக்கி' (ஆண்) அல்லது 'பெரெம்புவான்' (பெண்) என்று தனியாக அச்சிட்டிருக்கும். பெயருக்கு நடுவிலேயே 'ஏ/எல்' (மகன்) அல்லது 'ஏ/பி' (மகள்) இருக்கும். மலாய்க்காரர்கள் பெயரில் அதே மாதிரி 'பின்', 'பிந்தி' உண்டு. சீனர் பெயரில் இந்தக் கொக்கியே இல்லை. ஆகவே நம் ஆள் பெயரைச் சொன்னாலே போதும், எண்ணைப் பார்க்கும் முன்பே கவுண்டரில் இருப்பவரின் புருவம் ஏறிவிடும். பெயரை மாற்றினாலும் கடைசி எண் மாறுவதில்லை. அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும், அதுவும் நிச்சயமில்லை. 2005இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அறுவை செய்த ஒரு பெண்ணுக்கு அனுமதி கொடுத்தது. ஈப்போ உயர் நீதிமன்றம் ஒரு திருநம்பிக்கு மறுத்து, இது நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை என்றது. 2016இல் கோலாலம்பூரில் இன்னொரு திருநம்பிக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை, 2017 தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. முஸ்லிம்களுக்கு இதற்கு மேல் ஷரியா சட்டம் வேறு. "அது அவர்கள் பிரச்சினை" என்று நம்மவர் சிலர் ஒதுங்கப் பார்ப்பார்கள். 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் இருக்கும் 'அநாகரிக நடத்தை' என்ற பிரிவு எல்லோருக்கும் பொதுவானது என்பதை அவர்களுக்கு நினைவூட்டு.

இனி பாரத்துக்கு வருகிறேன். முதல் வரி 'கூப்பிடும் பெயர்'. ஐ.சி. பெயரை எல்லோரிடமும் கேட்காதே. பஸ் டிக்கெட்டுக்கோ ஹோட்டல் அறைக்கோ தேவைப்படுகிறவர்களிடம் மட்டும் தனித்தாளில் வாங்கி, வேலை முடிந்ததும் கிழித்துவிடு. பாலினத்துக்குக் கட்டம் வேண்டாம், வெற்றுக் கோடு விடு. எழுத விரும்பாதவர் விட்டுவிடட்டும். உடல்நலப் பரிசோதனை முகாமும் வைக்கிறாய் அல்லவா, அங்கே எந்தச் சொல்லும் உதவாது. உறுப்பைத்தான் கேட்க வேண்டும், அதுவும் தனி அறையில். அறுவை முடித்த திருநங்கைக்கும் புராஸ்டேட் சுரப்பி அப்படியே இருக்கும், எடுப்பதில்லை. கருப்பை வாய் இருக்கும் திருநம்பிக்கு அந்தப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. 'ஆண்' என்று டிக் அடித்த பாரத்தைப் பார்த்து அந்தப் பரிசோதனையை விட்டுவிடுவார்கள். 'அவசரத்துக்கு யாரை அழைக்க?' என்ற வரியில் 'உறவுமுறை' என்பதை அடித்துவிட்டு, கீழே இன்னொரு வரி சேர்: 'யாரை அழைக்கக் கூடாது?' இதைக் கேட்காததால்தான், வீட்டை விட்டு வந்தவர் மயங்கி விழுந்தால் விரட்டிய அண்ணனுக்கே முதலில் போன் போகிறது.

மலாயில் ஆணோ பெண்ணோ 'டியா' என்றால் முடிந்தது. தமிழில் வினையே காட்டிக் கொடுத்துவிடும், முறை வைக்காமல் பேசவும் வராது. தொண்டர்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடு: தெரியும்வரை 'அவங்க', 'வந்தாங்க'. அக்காவா, அண்ணனா என்று ஊகிக்காமல், "எப்படிக் கூப்பிடட்டும்ங்க?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். தவறிவிட்டால் அதே வாக்கியத்தில் திருத்திக்கொண்டு மேலே போக வேண்டும். பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால் எல்லோர் கண்ணும் அவர் மேல்தான் விழும்.

நிகழ்ச்சி நிரலில் நீ விட்டுவிட்டது ஒன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியம்: இறப்பு. பெண்ணாக முப்பது வருடம் வாழ்ந்தவரின் முடியை வெட்டி, வேட்டி கட்டி, பழைய பெயரைச் சொல்லிக் கொள்ளி வைக்கிற வீடுகள் உண்டு. பார்த்துக்கொண்ட அம்மாவும் மகள்களும் சாலையில் நிற்பார்கள். தன்னை எந்தச் சொல்லால் அழைத்தாலும் இந்தப் பயம் எல்லோருக்கும் ஒன்றுதான். இறுதிச் சடங்கு விருப்பத்தை உயிலில் மட்டும் எழுதினால் போதாது. உயிலைப் பிரிப்பதற்குள் பதினாறாம் நாளே முடிந்திருக்கும். உடை, பெயர், யார் செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு பேரிடம் நகல் இருக்க வேண்டும். சட்டப்படி குடும்பத்தைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அந்த நேரத்தில் கையில் நீட்ட ஏதாவது இருக்கும்.

சொத்து விஷயத்தில் ஜமாத்து மகள் சட்டத்தின் கண்ணில் வாரிசே இல்லை. உயில் இல்லாமல், துணையும் பிள்ளையும் இல்லாமல் போனால், 1958 பங்கீட்டுச் சட்டப்படி எல்லாம் பெற்றோருக்கே. உயிலுக்கு 18 வயதும், ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். பங்கு பெறுகிறவரையே சாட்சியாகப் போட்டால் அந்தப் பங்கு போய்விடும். அன்பான மகளைச் சாட்சியாகப் போட்டு ஏமாறுவது இங்கேதான். இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியில் முஸ்லிம் அல்லாதவர் யாரை நியமித்தாலும் பணம் அவருக்கே சேரும். ஆயுள் காப்புறுதியில் அப்படி இல்லை. கணவன், மனைவி, பிள்ளை, அவர்கள் இல்லாதபோது பெற்றோர், இவர்களைத் தவிர வேறு யாரை நியமித்தாலும் அவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பாளர் மட்டுமே. அவருக்கே போக வேண்டுமென்றால் பாலிசியை அவர் பெயருக்கு உரிமை மாற்றித் தர வேண்டும், அல்லது உயிலில் எழுத வேண்டும். முஸ்லிம் தோழிகளுக்கு இவை பொருந்தாது, அவர்களுக்கு வேறு ஆலோசகர் வேண்டும்.

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே. சாப்பிட்டதும் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். திருத்திய பாரத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அனுப்பு, அன்றிரவே பார்த்துத் தருகிறேன்.

உன்
தோழி